பேப்பர் போட்டாச்சு, விடத்தான் மாட்டேங்குறாங்க

தனியார் கம்பெனிகளில் ராஜினாமாவை யாரும் நேருக்கு நேர் மறுப்பதில்லை. "முடியாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அதை எடுத்துக்கொண்டு நாம் எங்கேயாவது போய் நிற்போமே! அதனால் மறுக்காமல் கிடப்பில் போடுவார்கள். விலகல் வேலைகளைப் பதியும் எக்ஸிட் போர்ட்டலில் ஒரு கட்டம் மஞ்சளாகவே நிற்கும். மெயிலுக்குப் பதில் இருக்காது. போன் செய்தால் "ப்ராசஸ்ல இருக்கு" என்பார்கள். 2025-ன் தொடக்கத்தில் நான் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தை விட்டு விலகியபோது, ரிலீவிங் லெட்டரும் (பணியிலிருந்து விடுவித்த கடிதம்) கடைசிக் கணக்கும் கைக்கு வர மாதக்கணக்கில் ஆனது இப்படித்தான்.

அந்த மாதங்களில் எனக்குப் பிடிபட்டது ஒன்று. 'கிளியரன்ஸ், கிளியரன்ஸ்' என்று நாம் ஒரே மூட்டையாகக் கேட்கிறோம். பிரித்துப் பார்த்தால் அதில் பாதிக்குப் பழைய கம்பெனியின் தயவே தேவையில்லை. மீதிப் பாதியை ஒவ்வொன்றாக, தேதி போட்டு, எழுத்தில் கேட்டால்தான் நகரும்.

முதலில் எங்கே தேங்கி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் இடத்தில் மேனேஜர், ஐ.டி., அட்மின், ஃபைனான்ஸ், எச்.ஆர். என்று வரிசை. ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் திரையில் நம் பெயரே தெரியும். எல்லாரும் சேர்ந்து இழுத்தடிக்கிறார்கள் என்று நாம் கொதித்துக்கொண்டிருக்கும்போது உண்மையில் அது ஒரே ஒருவரிடம் நிற்கும். மற்றவர்களுக்கு நாம் விலகும் சேதியே போயிருக்காது. எச்.ஆரை விடாமல் நச்சரிப்பதைவிட, "இப்போது யாரிடம் நிற்கிறது, அவர் என்ன கேட்கிறார்" என்று ஒரு மெயிலில் கேட்பது மேல். பெயர் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

என் விஷயத்தில் அது மேனேஜர். கெட்ட மனிதர் இல்லை. "என்னப்பா, நடு ரிலீஸ்ல இப்படிப் பண்றியே. உனக்குப் பதிலா ஒரு ஆள் வரட்டும், அன்னைக்கே அப்ரூவ் பண்ணிடறேன்" என்றார். "சார், நோட்டீஸ் பீரியட் 90 நாள்னுதானே ஆர்டர்ல இருக்கு, ஆள் வர்ற வரைக்கும்னு இல்லையே" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் பக்கத்திலிருந்து யோசித்தால் காரணம் விளங்கும். அந்தப் பட்டனை அழுத்திய நிமிஷம் கிளையண்ட்டுக்கு என் பெயரில் போடும் பில் நின்றுவிடும், ஆள் ஏன் குறைந்தது என்று அவர் மேலே பதில் சொல்ல வேண்டும். அழுத்தாமல் இருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இந்தச் சூழ்நிலையில் கெஞ்சுவதும் பயன் தராது, சண்டையும் பயன் தராது. அழுத்தாமல் இருப்பது அவருக்குச் சிரமமாக மாற வேண்டும், அவ்வளவுதான். எச்.ஆரை சிசியில் வைத்து ஒரு மெயில் போட்டேன்: 'மாற்று ஆள் வரும்வரை பணியில் இருக்க வேண்டும் என்பது என் அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டரில் எந்தப் பிரிவில் உள்ளது என்று தெரிவிக்கவும். கே.டி. (என் வேலையை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுப்பது) கொடுத்த விவரமும் அதைப் பெற்றுக்கொண்டவர்களின் ஒப்புதலும் இணைப்பில் உள்ளன.' அதற்குப் பதில் இன்றுவரை வரவில்லை. ஆனால் கட்டம் பச்சையானது.

சட்டப்படியும் நாம் அடிமைச் சாசனம் எழுதிக் கொடுத்தவர்கள் இல்லை. ஒருவரை வேலை செய்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் மூலம் கட்டாயப்படுத்த இந்தியச் சட்டத்தில் இடமில்லை. விதிகளில் வேறு நிபந்தனை இருந்தாலோ, ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தாலோ தவிர, விலகுவது ஊழியரின் உரிமை என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் நாட்களை முடிக்காவிட்டால் அதற்கான பணத்தைக் கேட்கலாம். ஆளைப் பிடித்து வைக்க முடியாது. இதைத் தெரிந்து வைத்திருப்பது மேனேஜரிடம் வசனம் பேச இல்லை, இரவில் தூக்கம் வர.

பாண்ட் போட்டவர்கள், அதாவது இத்தனை வருஷம் இருப்பேன், முன்பே விலகினால் பணம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுத்தவர்கள், மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 'பாண்ட் எதுவும் கோர்ட்டில் செல்லாது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் சேதியை நம்பிக் கிளம்பாதீர்கள். மூன்று வருஷத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. எந்த பாண்ட் செல்லும் என்பது தொகை, காலம், நிறுவனத்துக்கு உண்மையில் ஆன செலவு எல்லாவற்றையும் பொறுத்தது. அசல் சான்றிதழ்களை மட்டும் எந்தக் கம்பெனியிடமும் கொடுத்து வைக்காதீர்கள். சரிபார்க்க அசலைக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், அதோடு சரி.

பேப்பர் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எல்லாப் பே ஸ்லிப்பும், பழைய படிவம் 16-களும், ஆஃபர் லெட்டர், அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர், ஒவ்வொரு வருஷ இன்கிரிமெண்ட் லெட்டரும் உங்கள் கையில் இருக்கட்டும். ராஜினாமா கொடுத்த அன்றே லாகின் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பதற்றத்தில் ப்ராஜெக்ட் ஃபைல்களையும் சேர்த்து சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதற்கான எச்சரிக்கை செக்யூரிட்டி டீமுக்குப் போகும். கிளியரன்ஸை நிறுத்த அவர்கள் தேடிக்கொண்டிருந்த நல்ல காரணத்தை நாமே தட்டில் வைத்துக் கொடுத்ததாகிவிடும். ராஜினாமா மெயிலில் சொந்த மெயில் ஐ.டி.யை வெளிப்படையாகவே சிசியில் போடுங்கள், ஒளித்து பிசிசியில் வேண்டாம். மெயிலில் நோட்டீஸ் கணக்குப்படி கடைசி நாள் எது என்று தேதியாக எழுதுங்கள். 'கூடிய விரைவில் விடுவிக்கவும்' என்று எழுதினால் எது விரைவு என்று அவர்கள் முடிவு செய்வார்கள். காரணம் ஒரு வரி போதும். மனக்குறைகளை அதில் கொட்டினால் அதற்கு விளக்கக் கூட்டம், அதற்கு ஒரு மினிட்ஸ் என்று வளரும்.

அடுத்து லேப்டாப், ஹெட்செட் கதை. லேப்டாப்பைக் கொடுக்கப் போனபோது கவுண்டரில் இருந்த அண்ணன் வாங்கி மேசைக்கு அடியில் வைத்துவிட்டு "சரி தம்பி, போலாம்" என்றார். "அண்ணே, வாங்கிக்கிட்டதா ஒரு வரி எழுதிக் கொடுங்க" என்றேன். "அதெல்லாம் கொடுக்கறதில்ல தம்பி, சிஸ்டத்துல ஏத்திடுவோம்" என்றார். நான் நகரவில்லை. கேட் பாஸின் பின்புறம் சீரியல் நம்பர், சார்ஜர், அடையாள அட்டை எல்லாம் எழுதி அவர் கையெழுத்தையும் தேதியையும் வாங்கி, அங்கேயே போட்டோ எடுத்து எச்.ஆருக்கு அனுப்பினேன். பிறகு சிஸ்டத்தில் லேப்டாப் 'பெறப்படவில்லை' என்றே காட்டியது; அந்தப் போட்டோதான் காப்பாற்றியது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் கூரியரில் அனுப்பினால், பெட்டியை மூடும் முன் சீரியல் நம்பர் தெரியும்படி வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது.

லேப்டாப் முடிந்ததும் ஃபைனான்ஸ் ஒரு ஹெட்செட்டைக் கிளப்பியது. எப்போதோ ஒரு பழைய ப்ராஜெக்ட்டில் என் பெயரில் கொடுத்தது, ப்ராஜெக்ட் மாறியபோது அங்கேயே வைத்துவிட்டு வந்தது. இத்தனை வருஷ உழைப்பின் கணக்கு அந்த ஹெட்செட்டுக்காக நின்றது! தன்மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு வாதாடலாம். நான் வாதாடவில்லை, அதன் விலையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிடித்த தொகையைக் கணக்கில் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். சின்னத் தொகைக்குச் சண்டை போட்டுப் பெரிய தொகையைத் தாமதப்படுத்துவது அவர்களுக்குத்தான் சௌகரியம். என் பெயரில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை நோட்டீஸின் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கிவிட்டால் இந்த வம்பே இல்லை.

புதுக் கம்பெனிக்கு இதை எப்படிச் சொல்வது என்று பலர் தவிக்கிறார்கள். தவிக்கத் தேவையில்லை. ரிலீவிங் லெட்டர் தாமதமாவதை ஒரு வாரத்தில் நூறு பேரிடம் கேட்பவர்கள் அவர்கள். சேரும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மெயில், கடைசி நாளை உறுதி செய்த மெயில், கடைசி மூன்று பே ஸ்லிப், சம்பளம் வந்த வங்கி ஸ்டேட்மெண்ட் ஆகியவற்றைக் கொடுத்து, லெட்டர் வந்ததும் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் நான் சேர்ந்தேன். ஏற்றுக்கொண்ட மெயில் மட்டும் இல்லாவிட்டால் கஷ்டம். வாயால் "ஓகே" சொன்ன மேனேஜரிடமிருந்து ஒரு வரியாவது எழுத்தில் வாங்குங்கள். பதிலே போடாதவருக்கு, 'இன்று நாம் பேசியபடி என் கடைசி நாள் இன்ன தேதி என்று குறித்துக்கொண்டேன்' என்று நீங்களே ஒரு மெயில் போடலாம். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது மட்டும் கூடவே கூடாது. 'அப்ஸ்காண்டிங்' (சொல்லாமல் ஓடிப்போனவர்) என்று ஒரு முத்திரை விழுந்தால் அதைக் கழுவுவது லெட்டர் வாங்குவதைவிடப் பெரிய பாடு.

பின்னணிச் சரிபார்ப்பில் இப்போது லெட்டரைவிட அதிகம் பார்ப்பது பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியை. பி.எஃப். உறுப்பினருக்குத் தரும் 12 இலக்க யூ.ஏ.என். எண்ணின் கீழ் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தோம், எந்தத் தேதி விலகினோம் என்று இருக்கும். பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடாமல் விட்டால், இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் வேலை பார்ப்பதுபோல அது நிற்கும். பழைய கணக்கில் உள்ள பணத்தை எடுக்கவோ மாற்றவோ போனாலும் இடிக்கும். இதற்குக் கம்பெனியின் காலில் விழ வேண்டியதில்லை என்பது என்னோடு வேலை பார்த்த பலருக்கு இன்னமும் தெரியாது. 2020 முதலே நாமே அந்தத் தேதியைப் பதியலாம். பி.எஃப். நிறுவனமான இபிஎஃப்ஓ-வின் உறுப்பினர் தளத்தில் 'மேனேஜ்' பகுதிக்குள் 'மார்க் எக்ஸிட்' என்று இருக்கும். பழைய கம்பெனியின் பி.எஃப். கணக்கைத் தேர்ந்தெடுத்து, தேதியும் காரணமும் கொடுத்து, ஆதார் ஓ.டி.பி. போட்டால் முடிந்தது. இரண்டு நிபந்தனைகள்: கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்திருக்க வேண்டும், கொடுக்கும் தேதி அந்தக் கடைசி மாதத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தேதியை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு அழுத்துங்கள், அது புதுக் கம்பெனியில் சேர்ந்த தேதியைத் தாண்டிவிடக் கூடாது. அப்படியே பாஸ்புக்கையும் திறந்து, சம்பளத்தில் பிடித்த பி.எஃப். கடைசி மாதம் வரை கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் இபிஎஃப்ஐஜிஎம்எஸ் என்ற குறைதீர்ப்புத் தளத்தில் புகார் போடலாம். அந்தப் புகார் எண்ணைப் பார்த்ததும் கம்பெனியின் சம்பளப் பிரிவுக்கு வரும் சுறுசுறுப்பு தனி. பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றுவதும் 2025 ஜனவரிக்குப் பிறகு எளிதாகிவிட்டது. ஆதாரோடு இணைந்த ஒரே யூ.ஏ.என். என்றால் பழைய முதலாளியின் ஒப்புதல் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

கடைசிக் கணக்கு வந்தபோது அதைத் திறந்து பார்த்து அதிர்ந்தேன். நோட்டீஸில் முடிக்காத நாட்களுக்குப் பணம் பிடித்திருந்தார்கள், அது நியாயம், ஒப்புக்கொண்டதுதான். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று இன்னொரு வரி இருந்தது. முன்பு இதில் குழப்பம் இருந்தது உண்மை. ஆனால் நோட்டீஸ் பணம் பிடிப்பது ஒரு சேவைக்கான கட்டணம் ஆகாது, அதற்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் 3-ம் தேதி 178/10/2022 என்ற சுற்றறிக்கையில் தெளிவாகவே சொல்லிவிட்டது. எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு இரண்டே வரி எழுதினேன். அடுத்து வந்த கணக்கில் அந்த வரியைக் காணோம், வருத்தம் தெரிவித்தும் ஒரு வார்த்தை இல்லை. பேசிக் மேல் பிடிக்கிறார்களா, மொத்தச் சம்பளத்தின் மேலா என்பதையும் அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டரோடு ஒப்பிடுங்கள். எடுக்காத விடுப்புக்கான பணம், பயணச் செலவு பாக்கி, இன்சென்டிவ் எல்லாம் தனித்தனி வரியாக வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மொத்தத் தொகை மட்டும் போட்டு வரும் தாளில் 'முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, இன்னொரு பெரிய தொகை. ஐந்து வருஷம் முடித்திருந்தால் உண்டு. நாலு வருஷமும் ஐந்தாவது வருஷத்தில் 240 நாளும் முடித்தவருக்கும்கூட உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷங்களால் பெருக்க வேண்டும். கணக்கில் எடுக்கும் சம்பளம் 40,000, ஆறு வருஷம் என்றால் சுமார் 1,38,460 ரூபாய். 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு. இதைப் பறிக்கச் சட்டம் அனுமதிக்கும் காரணங்கள் மிகக் குறைவு. சேதம், வன்முறை போன்ற குற்றத்துக்காக வேலையை விட்டு நீக்கப்பட்டவர்களுக்கானவை அவை. ராஜினாமா செய்தவரின் ஹெட்செட் அதில் வராது. அதனால் கிராஜுவிட்டியை மற்றக் கணக்கோடு சேர்க்காமல் தனி மெயிலில் கேளுங்கள்.

சட்டத்தின் நிலவரமும் நான் விலகிய பிறகு மாறிவிட்டது. பழைய 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், வேலையிலிருந்து முதலாளி நீக்கினால்தான் இரண்டு வேலை நாளில் சம்பளம் என்றது; அதுவும் மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களுக்குப் பொருந்தாது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் ராஜினாமா செய்தவருக்கும் அதே இரண்டு வேலை நாள்தான். மேற்பார்வை, நிர்வாக வேலை பார்ப்பவர்களும் அதன்படி 'ஊழியர்'தான். தராவிட்டால் மூன்று வருஷத்துக்குள் மனுப் போடலாம், பாக்கியைப்போல் பத்து மடங்கு வரை நஷ்ட ஈடு விதிக்கவும் அதில் இடம் இருக்கிறது. 'எங்க பாலிசிப்படி 45 நாள்' என்று எச்.ஆர். சொன்னால் இந்தச் சட்டத்தின் 17-வது பிரிவை மரியாதையாக நினைவூட்டலாம். ஆனால் கவனியுங்கள், இந்த இரண்டு நாள் சம்பளப் பாக்கிக்குத்தான். கிராஜுவிட்டிக்கு 30 நாள் கெடு தனி. ரிலீவிங் லெட்டருக்கு இந்தத் தொகுப்பில் கெடு எதுவும் இல்லை, அதை மெயில் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

என் லெட்டரை வரவழைத்த மெயில் மிரட்டல் மெயில் இல்லை. எச்.ஆர். தலைமைக்கு எழுதினேன்: கடைசி நாள் இன்னது, பொருட்களை ஒப்படைத்தது இன்ன தேதி, கணக்குத் தீர்ந்தது இன்ன தேதி, ஆதாரங்கள் இணைப்பில், என் பக்கம் பாக்கி ஏதும் இருந்தால் இன்ன தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும், பதில் இல்லையென்றால் பாக்கி இல்லை என்று எடுத்துக்கொண்டு வழக்கறிஞர் மூலம் தொடர்வேன். கோபமான வார்த்தை ஒன்றும் இல்லை. பின்னால் யாரோ ஒரு அதிகாரி முதல்முறையாகப் படித்தாலும் புரிய வேண்டும் என்று நினைத்து எழுதினால் நடை தானாக அப்படி அமையும். இதற்கும் மசியாதவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ்தான். அதைப் பதிவு செய்யப்பட்ட அலுவலக முகவரிக்கு அனுப்ப வேண்டும், நாம் வேலை பார்த்த கிளைக்கு அல்ல. பதிவுத் தபால் என்று தனியாகக் கேட்டுக்கொண்டு தபால் நிலையத்தில் நிற்காதீர்கள். 2025-ல் அதை ஸ்பீட் போஸ்ட்டுடன் சேர்த்துவிட்டார்கள்.

இடையில் மறந்துபோகும் சில. கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு போய்விடும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறும் வசதியை நோட்டீஸ் காலத்திலேயே கேளுங்கள். காத்திருப்புக் காலம் மறுபடி ஆரம்பத்திலிருந்து எண்ணப்படாமல் இருக்க அது உதவும். சம்பளக் கணக்கில் சில மாதம் சம்பளம் வராவிட்டால் வங்கி அதைச் சாதாரணக் கணக்காக்கி, குறைந்தபட்ச இருப்பு கேட்கும். பாக்கிப் பணம் அதில்தான் வர வேண்டியிருக்கும் என்பதால் அவசரப்பட்டு மூடிவிடவும் கூடாது. நடு வருஷத்தில் மாறினால் பழைய சம்பள விவரத்தைப் புதுக் கம்பெனிக்குக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு பேரும் தனித்தனியாக 75,000 ரூபாய் நிலையான கழிவைக் கொடுத்து வரி குறைவாகப் பிடித்தால், வித்தியாசத்தை ரிட்டர்ன் போடும்போது நாம்தான் கட்ட வேண்டும்.

லெட்டர் வந்ததும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடும் முன் ஒருமுறை படியுங்கள். எனக்கு வந்ததில் பதவி இரண்டு புரமோஷனுக்கு முந்தையது. பெயரில் இனிஷியல் பின்னால் இருந்தது. ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பி.எஃப்.பில் இனிஷியல் முன்னால். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது பழைய வியாதி. பதவியையும் தேதியையும் கம்பெனி திருத்தித் தர வேண்டும், கிளியரன்ஸுக்கு யாரைத் துரத்தினோமோ அவர்கள் நம்மை மறக்கும் முன்பே அதைக் கேட்டுவிட வேண்டும். பி.எஃப்.பில் உள்ள பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகியவற்றை, யூ.ஏ.என். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதார் சரிபார்த்து வாங்கியதென்றால், முதலாளி ஒப்புதல் இல்லாமல் தளத்திலேயே திருத்தலாம். அதற்கு முந்தைய எண் என்றால் ஜாயிண்ட் டிக்ளரேஷனுக்கு (ஊழியரும் முதலாளியும் சேர்ந்து தரும் திருத்த மனு) பழைய கம்பெனியிடம் இன்னொரு முறை போக வேண்டிவரும்.